காந்தாவுக்குக் கட்டிய பல்

காந்தாவின் பல்லை உடைத்தவனும் கோதண்டபாணிதான், பல் கட்டிக் கொடுத்தவனும் கோதண்டபாணிதான். உடைத்ததைப் பற்றி எங்கள் தெருவில் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. கட்டிக் கொடுத்த பிறகு, "பொண்டாட்டிக்குப் பல்லு செட்டு கட்டிக் குடுத்த மகராசன்" என்று குழாயடியில் ஒரே பேச்சு. கேட்கக் கேட்க எனக்கு வயிறு எரிந்தது.

நான் அடுத்த வீட்டுக்காரி. சம்பூர்ணம் என்று பெயர். பிள்ளையார்பாளையத்தில் அவர்கள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரே மண்சுவர். அந்தப் பக்கம் அவன் தறி அடித்தால் இந்தப் பக்கம் என் பாத்திரம் அதிரும். அவளை அடித்தாலும் அதிரும். எந்தச் சத்தம் எது என்று எனக்கு அத்துப்படி. என் புருஷன் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிவிட்டதால் எனக்கு எந்த ஆம்பளையிடமும் பயம் கிடையாது. சுவரைத் தட்டிக் கத்துவேன். கொஞ்ச நேரம் நிற்கும், மறுபடி ஆரம்பிக்கும்.

காந்தா எதிர்த்துப் பேசுகிறவள் இல்லை. அடி விழப்போகிறது என்று அவளுக்கு முன்கூட்டியே தெரியும். அவன் தோள் அசையும்போதே இரண்டு கையையும் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிடுவாள். முதுகில் விழும், முழங்கையில் விழும், முகத்தில் விழாது. ஒரே ஒரு நாள்தான் அவள் வாயைத் திறந்தாள். ஒரு வருஷம் பங்குனியில், தறியின் பாவு நூலில் நாலு இழை அறுந்ததற்கு அவன் அவளைத் தலைமுடியைப் பிடித்து இழுத்த நாள். அவன் அம்மா சாகக் கிடந்தபோது காந்தாவின் காதில் மட்டும் சொன்ன ஒரு விஷயத்தை அன்றைக்கு எடுத்து அவன் முகத்தில் எறிந்தாள்.

"உங்கப்பா உங்கம்மாவ அடிக்கசொல்ல, தறிக்குழியில ஒளிஞ்சிக்கினு மூத்திரம் போன புள்ளதானே நீ!"

சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கே தூக்கிவாரிப் போட்டது. அதற்கப்புறம் பித்தளைச் செம்பின் சத்தம். நான் ஓடிப் போய்ப் பார்த்தபோது அவள் தறிக்குழி ஓரத்தில் கிடந்தாள். முன்பல் எல்லாம் தரையில். மிச்சமிருந்ததும் ஈறு பழுத்து ஆட்டம் கண்டு, ஆஸ்பத்திரியில் ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டார்கள். சித்திரை முடிவதற்குள் பொக்கை வாய். நாற்பது வயதுகூட ஆகவில்லை.

அதற்கும் பழகிக்கொண்டாள், பாவி. கஞ்சியும் குழைந்த சோறும் தின்றாள். தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவின் கண்ணில் இழை கோக்க வாயை வைத்து உறிஞ்சி இழுக்க வேண்டும். "பொக்க வாய்க்கு அது இன்னும் வாட்டமா இருக்குதுக்கா" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சந்திரனில் ஆள் இறங்கிவிட்டான் என்று ரேடியோவில் சொல்லிக்கொண்டிருந்த அந்த ஆடியில், காந்தாவின் ஒரே மகள் ரேணுகாம்பாள் தலை ஆடிக்குப் பிறந்த வீட்டுக்கு வந்தாள். தை மாதம்தான் அவளை வாலாஜாபாத்தில் காசிநாதன் என்பவனுக்குக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். சொந்தத் தறிகள் வைத்திருக்கிற குடும்பம், நல்ல இடம் என்று கோதண்டபாணி மார்தட்டிக்கொண்ட சம்பந்தம். பஸ்ஸிலிருந்து இறங்கிய பெண் அந்த வெயிலில் முந்தானையைக் கழுத்தைச் சுற்றிப் போர்த்தியிருந்தாள். வீட்டுக்குள் வந்ததும் காந்தா அதை விலக்கினாள்.

கழுத்தைச் சுற்றி மெல்லிசாக ஒரு சிவப்புக் கோடு. முறுக்கின பட்டு நூலால் போட்டது. பட்டு லேசில் அறாது என்பது நெசவுக்காரனுக்குத் தெரியும். காசிநாதனுக்கும் நன்றாகத் தெரிந்திருக்கிறது.

"அடுத்த தபா இன்னும் கொஞ்சம் இழுப்பேன்னு சொன்னாரும்மா," என்றாள் ரேணு. அழவில்லை. அழுது முடித்துவிட்டு வந்தவள் போல இருந்தாள்.

காந்தா மகளைப் பிடித்துக்கொண்டு, "நீ திரும்பிப் போவ வேணாம் கண்ணு, நான் இருக்கறேன்" என்றாள். அவள் ஒன்றைத் தீர்மானமாகச் சொல்லி அன்றைக்குத்தான் நான் கேட்டேன்.

ஆனால் சொல்ல வேண்டியது அவள் இல்லையே. காசிநாதன் ஆட்களோடு வந்து முறையிட்டான். அம்மன் கோயில் மண்டபத்தில் சபை கூடியது. எங்கள் தெருச் சபைக்குத் தலைவர், பெரியதனம் மாணிக்கவாசகம். கறார் ஆசாமி. சொன்ன சொல்லிலிருந்து நூலளவு நகர மாட்டார், அதில் அவருக்குத் தலைக்கனமே உண்டு. பெண்கள் நாங்கள் தூண் பக்கம் நின்றோம்.

ரேணுவின் கழுத்தைக் காட்டினோம். "தாலிச்சரடு உரசின தழும்புங்க" என்றான் காசிநாதன், கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

"யாருனா பாத்தீங்களாபா?" என்று பெரியவர் கேட்டார். மூடின கதவுக்குள் நடந்ததை யார் பார்ப்பார்கள்?

காந்தா தூணை விட்டு முன்னால் வந்தாள். "நானும் பட்டவதாங்கய்யா. எம்பொண்ணுக்கும் அதே கதிதான். இந்த வாயப் பாருங்க, இது யாரு பண்ணதுன்னு தெருவுக்கே தெரியும்."

மாணிக்கவாசகம் வெற்றிலையை மடித்தபடியே பதில் சொன்னார். "நாலு சுவத்துக்குள்ள நடந்தத நாங்க இன்னாத்தம்மா கண்டோம்? சபை கண்ணால பாக்காதத சபை பேசாது. புருசன் பொண்டாட்டி சமாச்சாரம். பொண்ண அனுப்பி வை. பாக்கு கடிச்சி முடிச்சிக்கலாம்."

எங்கள் தெருவில் அது ஒரு முறை. ஒரு வழக்கு தீர்ந்தது என்றால், ஊறவைத்த கொட்டைப்பாக்கு ஒன்றை இரண்டு தரப்பும் சபைக்கு நடுவில் பாதிப் பாதியாகக் கடித்து மெல்ல வேண்டும். பெண் விஷயம் என்றால் பெண் தரப்பில் தாய்தான் கடிக்க வேண்டும். கடித்துவிட்டால் அதோடு சரி, அந்தப் பெண்ணுக்கு என்ன ஆனாலும் பிறகு யாரும் அந்தப் பேச்சை எடுக்கக்கூடாது. கடிக்க மாட்டேன் என்று தள்ளினால் குடும்பத்தையே தள்ளி வைப்பார்கள். தறிக்குப் பட்டு வராது, வாசலில் நல்லது கெட்டதுக்கு ஆள் வராது.

காசிநாதன் பாக்கைக் கையில் எடுத்துவிட்டான். அப்போதுதான் யாரோ ஒருவன் உரக்கச் சொன்னான்: "பொக்க வாய வச்சிக்கினு அந்தம்மா எங்கேர்ந்து பாக்கு கடிக்கும்?"

மண்டபமே சிரித்தது. கோதண்டபாணியின் முகம் கறுத்துப் போனது. அத்தை கடிக்கலாமா, சித்தி கடிக்கலாமா என்று கேட்டுப் பார்த்தார்கள். "தாய் உசுரோட இருக்கசொல்ல வேற யாரும் கடிக்கக்கூடாது. முறைன்னா முறைதான். ஆவணி பொறக்கட்டும், பாக்கலாம்" என்று பெரியவர் எழுந்துவிட்டார்.

திரும்பி வரும் வழியில் காந்தா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, பல்லு போனதுகூட நல்லதுக்குத்தான் போல இருக்குதே!" என்று சிரித்தாள், அழுதாள், மறுபடி சிரித்தாள்.

அந்த வாரமே கோதண்டபாணி அவளை பஸ் ஸ்டாண்டு பக்கம் பல் கட்டுகிறவரிடம் அழைத்துக்கொண்டு போனான். என்னையும் துணைக்குக் கூப்பிட்டார்கள். மெழுகை வாயில் வைத்து அச்செடுத்தார். அப்புறம் ஒரு நாள் மேல் செட்டும் கீழ் செட்டுமாக, சிவப்பு ஈறும் வெள்ளைப் பல்லுமாக எடுத்து மாட்டினார். கண்ணாடியைப் பார்த்த காந்தா அசந்து போனாள். "ஈறு அளவு இறங்கி நிக்கறவரைக்கும் வலிக்கும், போகப் போகப் பழகிடும்மா. கழுவசொல்ல கீழ ஒரு பேசின்ல தண்ணி வச்சிக்கோங்க. கல்லு மேல விழுந்துதுன்னா ரெண்டா போயிடும்" என்றார் அவர்.

"மனுசன் திருந்திட்டாருக்கா," என்று காந்தா என் காதில் கிசுகிசுத்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். எனக்கு அப்போதே சுருக்கென்றது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது?

முதல் நாள் வாயில் வைத்ததுமே குமட்டிக்கொண்டு வந்தது. வாந்தி எடுத்தாள். அதற்கு ஓர் அறை விழுந்தது. எச்சில் ஊறி ஊறி வழிந்தது. பேசினால் மேல் செட்டு கழன்று கீழ் செட்டின்மேல் டக்கென்று விழும். நாடாவில் இழையை உறிஞ்சினால் செட்டும் கூடவே வந்துவிடும். 'ச' சொன்னால் சீட்டி அடித்தது. ஈறு முழுக்கக் கொப்புளம். கழற்றி வைக்கிறேன் என்றால் விடமாட்டான். இரவில் அவனே வாங்கித் தண்ணீர் டம்ளரில் போட்டுத் தன் டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினான். பொண்டாட்டியின் பல்லைப் பூட்டி வைக்கிற ஆளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

ஆனாலும் தினம் ஏதாவது தின்ன வாங்கி வந்தான். முதலில் பொரி, பிறகு சுண்டல், பிறகு முறுக்கு. எதிரே உட்கார்ந்து, "மெல்லு, நல்லா மெல்லு, கடவாய்ல தள்ளிக்கோ" என்று சொல்லிக் கொடுத்தான். இருபது வருஷத்தில் அவளுக்கு ஒரு பழம் வாங்கிக் கொடுக்காதவன். காந்தா கொப்புளம் உடைய உடைய மென்றாள். சாப்பிட்டதை என்னிடம் வந்து சொல்லுவாள், புதுசாகக் கல்யாணமானவள் மாதிரி.

ஆடி கடைசியில் ஒரு மத்தியானம் அவன் மடியிலிருந்து ஒரு கொட்டைப்பாக்கை எடுத்தான். தண்ணீரில் ஊறவைத்தது. "கடி," என்றான்.

நான் அப்போது அவர்கள் வீட்டில் ராட்டையில் நாடாவுக்கான நூல்தார் சுற்றிக்கொண்டிருந்தேன். காந்தா பாக்கைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். அவள் முகத்திலிருந்த வெளிச்சம் போவதைக் கண்ணால் பார்த்தேன்.

"இதுக்குத்தானா?" என்றாள்.

"பின்ன ஒன் அழகுக்கா? சபையில எல்லாம் சிரிச்சானுங்களே, என் மானம் போச்சி. கடிடி."

வாயில் போட்டு, "முடியலங்க, வலிக்குது" என்று துப்பினாள். நிஜமாகவும் வலித்திருக்கும், ஆனால் அவள் கடிக்க விரும்பாமல்தான் துப்பினாள் என்று எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரிந்தது. பாக்கை மறுபடி அவள் வாயில் திணித்தான். ஒரு கையை உச்சந்தலையிலும் ஒரு கையைத் தாடையிலும் வைத்து, செக்கு ஆட்டுகிற மாதிரி அழுத்தினான். அவள் கால் தரையில் உதைத்தது. ரேணு ஓடிவந்து அவன் கையைப் பிடித்து இழுத்தாள். உதறியதில் தறிக் கட்டையில் போய் மோதினாள். நான் ராட்டையைத் தூக்கி அவன் முதுகில் போட்டேன். அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பாக்கு நொறுங்குகிற சத்தம் கேட்ட பிறகுதான் விட்டான். காந்தாவின் கடைவாயில் ரத்தமும் பாக்குத் தூளும் வழிந்தன.

"பாத்தியா, கடிக்க வருதே," என்று சொல்லிவிட்டு வெளியே போனான்.

அவள் வாயைக் கழுவிவிட்டேன். "கடிக்காதடி. தள்ளி வச்சா வச்சிக்கினு போறானுங்க" என்றேன்.

"தள்ளி வச்சா அவரு சும்மா இருப்பாராக்கா? எங்க ரெண்டு பேரையும் அந்தக் குழியிலயே பொதைச்சிடுவாரு. இத ஒடைச்சிப் போட்டா வேற கட்டுவாரு." ரேணுவின் கழுத்தைத் தடவிக்கொண்டே சொன்னாள். பிறகு கீழே சிதறிக் கிடந்த பாக்குத் தூளைப் பெருக்கினாள். கடைசியில், "சபை பாக்காதத சபை பேசாது இல்ல?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அதற்கப்புறம் அவள் அடம் பிடிக்கவில்லை. சொன்னபடி மென்றாள், அவனும் அடிக்கவில்லை. விடியற்காலையில் அவன் ஏரிப் பக்கம் போனதும் சுவருக்கு அந்தப் பக்கம் அவள் முணுமுணுக்கிற சத்தம் கேட்கும். ஒரே வரியைத் திரும்பத் திரும்பச் சொல்லுவது மாதிரி இருக்கும். முதலில் சீட்டி அடித்தது, போகப் போகச் சீட்டி நின்று பேச்சு திருத்தமாயிற்று. சாமிக்கு ஏதோ வேண்டிக்கொள்கிறாள், வேறென்ன செய்வாள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆவணியில் சபை கூடியது. மண்டபம் நிறைய ஆள். காசிநாதன் டெரிலின் சட்டை போட்டுக்கொண்டு, பெண்ணைக் கையோடு கூட்டிப் போக வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு வந்திருந்தான். ரேணு என் பக்கத்தில் தூணைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

தட்டில் வெற்றிலை, மஞ்சள், நடுவில் பாக்கு. காசிநாதன் எடுத்து நறுக்கென்று கடித்தான். மிச்சப் பாதியைக் காந்தாவிடம் நீட்டினான். கோதண்டபாணி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தி நின்றான். காந்தா வாயைத் திறந்ததும் வெள்ளை வெளேரென்று பல் தெரிந்தது. "அடேயப்பா, நம்ம கோதண்டபாணி பண்ணியிருக்கற வேலையைப் பாரு!" என்று ஒருத்தர் பாராட்டினார்.

காந்தா பாக்கை உள்ளங்கையில் வைத்தபடி புருஷனைப் பார்த்துத் திரும்பினாள்.

"இத கடிக்கறதுக்கு முன்னாடி உங்கள ஒன்னு கேட்டுக்கறேங்க."

ஒரு சீட்டி இல்லை, ஒரு தடுமாற்றம் இல்லை. மண்டபத்துக் கடைசி ஆளுக்கும் கேட்டது.

"உங்கப்பா உங்கம்மாவ அடிக்கசொல்ல, நீங்க தறிக்குழியில ஒளிஞ்சிக்கினு பயத்துல மூத்திரம் போனீங்களே. உங்கம்மா சாவசொல்ல எங்கிட்ட சொல்லி அழுதாங்க. அந்தப் பயம் உங்களுக்கு மறந்துப்போச்சா? எம்பொண்ணு கழுத்தப் பாத்துமா ஞாபகம் வரல?"

விடியற்காலையில் அவள் சொல்லிச் சொல்லிப் பழகியது இதைத்தான்.

அவன் தோள் அசைந்தது. நான் பார்த்தேன், அவளும் பார்த்தாள். அவள் கை இரண்டும் தொங்கியபடியே இருந்தன. மறைக்கவில்லை, குனியவில்லை. முகத்தை மட்டும் நன்றாக நிமிர்த்தி அவனுக்குக் கொடுத்தாள்.

அடி வாயின்மேல் விழுந்தது. மேல் செட்டு பறந்து போய்க் கருங்கல் தரையில் விழுந்து இரண்டாக உடைந்தது. ஒரு பாதி வழுக்கிக்கொண்டே போய் மாணிக்கவாசகத்தின் காலடியில் நின்றது. கோதண்டபாணி விடவில்லை. விழுந்தவளை இன்னொரு உதை உதைத்தான். அதற்குள் நாலு பேர் பாய்ந்து அவனைப் பிடித்தார்கள். அப்போதும் அவன் காலை வீசிக்கொண்டிருந்தான், வாயில் நுரை தள்ளக் கத்திக்கொண்டிருந்தான். பூசாரி ஓடிவந்து கருவறைக் கதவைச் சாத்தினார்.

காந்தா கையை ஊன்றி எழுந்தாள். முகவாயிலிருந்து ரத்தம் சொட்டியது. கீழ் செட்டைத் தானே கழற்றி, கடிக்காத பாதிப் பாக்கோடு சேர்த்துப் பெரியவரின் வெற்றிலைத் தட்டில் வைத்தாள்.

"இப்ப சபை பாத்துச்சாங்கய்யா?" என்றாள். பாதி காற்றுதான் வந்தது. எல்லாருக்கும் புரிந்தது.

ஒருத்தனும் சிரிக்கவில்லை. மாணிக்கவாசகம் காலடியில் கிடந்த பல்லைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவருக்கு மனம் இளகியது என்றெல்லாம் நான் சொல்ல மாட்டேன். தான் சொன்ன வார்த்தையில் தானே மாட்டிக்கொண்டார், அவ்வளவுதான். காசிநாதனின் மாமன் எழுந்து, "வேற பல்லு கட்டிக்கினு வரட்டுங்க, நாங்க காத்துக்கினு இருக்கறோம்" என்றான்.

"சபைக்கு நடுவுல கை நீட்டனவன் பேச்சு இனிமே சபையில எடுபடாது," என்றார் பெரியவர் எரிச்சலோடு. "பல்லு கட்டறதும் கட்டாததும் அந்தம்மா இஷ்டம். கட்டிக்கினு அதுவா வந்து பாக்கு எடுக்கறவரைக்கும் பொண்ணு தாய் வூட்லயே இருக்கட்டும். தாய்க்குப் பட்டு நிறுத்தவும் கூடாது, தள்ளி வைக்கவும் கூடாது. நாங்க கண்ணால பாத்துட்டோம். போங்கபா."

காசிநாதன் வெறும் வண்டியோடு போனான். போகும்போது ரேணுவைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தான். நான் குறுக்கே போய் நின்றேன்.

கோதண்டபாணி அவமானம் தாங்காமல் கொஞ்ச நாள் ஐயம்பேட்டையில் தம்பி வீட்டில் போய்க் கிடந்தான். அவன் இல்லாதபோது தறியில் ரேணு உட்கார்ந்து சேலையை முடித்தாள். திரும்பி வந்தவன் திருந்திவிட்டான் என்று கதை கட்ட எனக்குத் தெரியாது. ஒரு நாள் மறுபடி கை ஓங்கினான். ரேணு தறியிலிருந்து எழுந்து வந்து, "வாப்பா, சபைக்குப் போய் அடிக்கலாம்" என்றாள். ஓங்கிய கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டான்.

மறுவருஷம் நானே கேட்டேன், "ஏண்டி, நம்ம காசுல ஒரு செட்டு கட்டிக்கலாமே, எத்தினி நாளைக்குத்தான் கஞ்சி குடிப்பே?" என்று.

"வேணாங்க்கா. பல்லு வந்துட்டா பாக்கு எடுத்துக்கினு வந்துருவானுங்க," என்றாள் காந்தா, நாடாவின் கண்ணில் வாயை வைத்து இழையை உறிஞ்சிக்கொண்டே.

ரேணு பக்கத்தில் உட்கார்ந்து அம்மாவுக்காக ஒரு முறுக்கை உரலில் போட்டு இடித்துக்கொண்டிருந்தாள்.